டிராகுலாவை எழுதிய கிராணி

டிராகுலா என்ற பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. கறுப்பு அங்கி, வெளிறிய முகம், உதட்டோரம் எட்டிப் பார்க்கும் கோரைப்பல். ரத்தக் காட்டேரி படம் பார்த்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறைக்கு இரவில் தனியாகப் போகப் பயந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று தாத்தா பாட்டிகளாக இருக்கிறார்கள். ஆனால், அந்தக் கதையை எழுதியவர் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

எழுதியவர் பெயர் பிராம் ஸ்டோக்கர். அயர்லாந்துக்காரர். அரசாங்க அலுவலகத்தில் கிராணியாக வேலையைத் தொடங்கியவர். பிறகு ஒரு புகழ்பெற்ற நடிகரின் நிர்வாகியாக 27 ஆண்டுகள் உழைத்தவர். வாழ்ந்த காலத்தில் அந்த நடிகரின் ஆள் என்றுதான் அவரை ஊருக்குத் தெரியும். தம் புத்தகம் உலகம் முழுவதையும் பயமுறுத்தப் போகிறது என்பது தெரியாமலேயே 1912ல் இறந்து போனார்.

அந்தப் பயத்தை அவர் வெறும் கற்பனையிலிருந்து எடுக்கவில்லை. அதற்கான சரக்கு அவர் வாழ்க்கையிலேயே கிடந்தது.

படுக்கையில் கிடந்த பிள்ளை

1847 நவம்பர் 8ஆம் நாள், டப்ளின் நகரை ஒட்டிய கிளொன்டார்ப் என்ற கடலோரப் பகுதியில் ஸ்டோக்கர் பிறந்தார். ஆபிரகாம் என்பது தந்தையின் பெயர். அதையே மகனுக்கும் வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் பிராம். ஏழு பிள்ளைகளில் மூன்றாவது.

1847ஆம் ஆண்டை அயர்லாந்து மக்கள் இன்றும் கறுப்பு ஆண்டு என்றே சொல்கிறார்கள். உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய ஆண்டு அது. அந்தப் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த காய்ச்சலிலும் பத்து லட்சம் பேர் வரை மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறி நாட்டை விட்டுப் போனார்கள். ஸ்டோக்கர் வீட்டில் பட்டினி இல்லை. தகப்பனாருக்கு அரசாங்கச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. ஆனால், சன்னலுக்கு வெளியே இருந்த நாடு அப்படிப்பட்ட நாடு.

பிறந்ததிலிருந்தே பையனுக்கு உடம்பு சரியில்லை. என்ன நோய் என்று அன்றைய வைத்தியர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழு வயது வரை அவன் தன் காலில் எழுந்து நின்றதே இல்லை. கோடைக் காலத்தில் தூக்கிக்கொண்டு போய்ப் புல்தரையில் கிடத்துவார்கள். மாலையில் மறுபடி தூக்கி வந்து கட்டிலில் போடுவார்கள். அண்ணனும் அக்காவும் வெளியே ஓடி விளையாடும் சத்தம் அவன் காதில் விழும். அவனுக்குத் துணை கூரையும் சன்னலும் அம்மாவும்தான்.

அம்மா சொன்ன கதைகள்

அம்மா சார்லட் கெட்டிக்காரப் பெண்மணி. கணவரைவிட இருபது வயது போல இளையவர். காது கேளாத, வாய் பேச முடியாத பிள்ளைகளுக்கு அரசாங்கம் பள்ளி நடத்த வேண்டும் என்று மேடையேறிப் பேசியவர். அந்தக் காலத்தில் பெண்கள் மேடையேறுவது அபூர்வம்.

சார்லட் அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ஸ்லைகோ என்ற ஊரில் வளர்ந்தவர். 1832ல் அவருக்கு 14 வயது. அந்த ஆண்டுதான் வாந்திபேதி ஸ்லைகோவுக்குள் நுழைந்தது. வங்கத்தில் கிளம்பிய நோய் ரஷ்யாவைத் தாண்டி, ஐரோப்பாவைக் கடந்து, கடல் வழியாக அயர்லாந்துக்கும் வந்து சேர்ந்தது. நோய் வருகிறது, வருகிறது என்று ஊர் ஊராகச் செய்தி முன்னால் வர, பின்னாலேயே நோயும் வந்தது. தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு சாவு. சவப்பெட்டி செய்பவன் வீட்டு வீட்டுக்குக் கதவைத் தட்டி, பெட்டி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு போனானாம்.

நோயுற்று வழியில் விழுந்த ஒரு வழிப்போக்கனை, கிட்டப் போகப் பயந்த ஊர்க்காரர்கள் நீண்ட கழிகளால் குழிக்குள் தள்ளி உயிரோடு புதைத்தார்கள் என்பது சார்லட் சொன்ன கதைகளில் ஒன்று. இன்னொன்று, மனைவியை முதுகில் சுமந்து மருத்துவமனையில் சேர்த்த ஒருவனைப் பற்றியது. மறுநாள் போனால் அவள் செத்துவிட்டாள் என்றார்கள். பிணங்களைக் குவித்திருந்த அறைக்குள் போய்த் தேடினான். அவள் இடுப்பில் தான் கட்டிவிட்ட சிவப்புக் கைக்குட்டையின் ஓரம் கண்ணில் பட்டது. இழுத்து எடுத்தான். அவளுக்கு உயிர் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனான். அதன் பிறகு அவள் பல ஆண்டுகள் வாழ்ந்தாள்.

ஒரு சார்ஜண்டின் கதையும் உண்டு. ஆள் நல்ல உயரம். இறந்துவிட்டான் என்று பெட்டியில் வைத்தார்கள். கால் நீட்டிக்கொண்டு நின்றது. காலை உடைத்து அடக்கலாம் என்று சுத்தியால் ஓர் அடி போட்டதும் பிணம் விருட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டது. அந்த ஆளைப் பிற்காலத்தில் தாமே பல முறை பார்த்திருப்பதாகச் சார்லட் சொன்னார்.

கட்டிலை விட்டு இறங்க முடியாத பிள்ளைக்கு இதெல்லாம் தாலாட்டு. இப்படிக்கூட ஒரு தாய் கதை சொல்வாளா என்று தோன்றலாம். நம் பாட்டிமார் ரப்பர் காட்டுக்குள் பொந்தியானா வரும் என்று சொல்லிச் சோறு ஊட்டவில்லையா! சார்லட்டின் கதைகளில் ஒரு வித்தியாசம் இருந்தது. அவை நடந்தவை. பெரியவனான பிறகு பிராம் அவற்றை மறக்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டார். அவரும் 1870களில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அந்தக் குறிப்பு இன்றும் இருக்கிறது.

செத்தவர் எழுந்து உட்காருவது, கடல் கடந்து கிழக்கிலிருந்து வரும் கொள்ளைநோய், புதைகுழியில் அடங்காத உயிர். டிராகுலா கதையின் பாதி இந்த அம்மாவின் வாயிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

டப்ளின் கோட்டையில் உத்தியோகம்

ஏழு வயதில் பையன் எழுந்து நடந்தான். எப்படிக் குணமானது என்பதும் புதிர்தான். அதோடு நிற்கவில்லை. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது ஆறடிக்கு மேல் வளர்ந்த, செம்பட்டைத் தாடி வைத்த ஆஜானுபாகுவான இளைஞர். நடைப் போட்டியில் பரிசு, ரக்பி, பேச்சு மன்றத் தலைமை என்று எல்லாவற்றிலும் முன்னால் நின்றார்.

படிப்பு முடிவதற்கு முன்பே தகப்பனார் வழியில் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார். வேலை பார்த்த இடத்தின் பெயர் டப்ளின் கோட்டை. பெயர்தான் கோட்டை. பிரிட்டிஷ் அரசாங்கம் அயர்லாந்தை ஆண்ட தலைமை அலுவலகம் அது. பேய் வீட்டுக் கதை எழுதியவர் முதலில் பழகிய கோட்டையில் இருந்ததெல்லாம் கோப்பும் மைக்கூடும்தான். சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றங்களை ஊர் ஊராகப் போய்ப் பார்வையிடும் பதவி வரை உயர்ந்தார். அந்த நீதிமன்றங்களின் கிராணிகள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று தடித்த விதிப் புத்தகம் ஒன்றை எழுதினார். 1879ல் வந்த அதுதான் பிராம் ஸ்டோக்கரின் முதல் நூல். அதைப் போலச் சலிப்பூட்டும் புத்தகம் கிடைப்பது கஷ்டம். ஆனால், தேதி போட்டுக் குறிப்பு எழுதும் அந்தப் பழக்கம் பின்னால் கைகொடுத்தது.

பகலில் அலுவலகம், இரவில் நாடகம். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்குச் சம்பளம் வாங்காமல் நாடக விமர்சனம் எழுதினார். அந்தப் பத்திரிகையின் உரிமையாளர்களில் ஒருவர் ஷெரிடன் லெ பானு. 1872ல் 'கார்மில்லா' என்ற கதையைப் புத்தகமாக வெளியிட்டவர் அவர். தனிமையான மாளிகைக்கு விருந்தாளியாக வந்து தங்கும் ஓர் அழகான பெண், அந்த வீட்டு மகளின் ரத்தத்தைக் குடிக்கும் கதை அது.

நடிகர் இர்விங்

1876 டிசம்பரில் ஹென்றி இர்விங் என்ற இங்கிலாந்து நடிகர் ஹேம்லட் நாடகம் போட டப்ளினுக்கு வந்தார். ஸ்டோக்கர் எழுதிய விமர்சனம் அவருக்குப் பிடித்துப்போனது. ஷெல்போர்ன் ஓட்டலுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் இர்விங் எழுந்து நின்று தாமஸ் ஹூட் எழுதிய ஒரு கதைப்பாட்டை நடித்துச் சொன்னார். கொலை செய்த ஒரு பள்ளி ஆசிரியரின் கதை. பிணத்தை எங்கே மறைத்தாலும் அது மறையாது. ஆற்றில் போட்டால் ஆறு வற்றும். இலையால் மூடினால் காற்று வந்து இலையைத் தள்ளும். சொல்லி முடித்த இர்விங் மயங்கியவர் போல நாற்காலியில் சாய்ந்தார். கேட்டுக்கொண்டிருந்த 29 வயது ஆஜானுபாகு, அடக்க முடியாமல் கதறிவிட்டார். இதை ஸ்டோக்கரே பின்னாளில் வெட்கப்படாமல் எழுதியிருக்கிறார். இர்விங் உள்ளே போய்த் தம் படத்தில் கையொப்பமிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிரவே ஸ்டோக்கரின் வாழ்க்கை முடிவாகிவிட்டது.

இரண்டு ஆண்டுகளில் இர்விங் லண்டன் லைசியம் அரங்கத்தை எடுத்து நடத்தப் போனார். நிர்வாகத்தைக் கவனிக்க ஸ்டோக்கரைக் கூப்பிட்டார். ஓய்வூதியத்தோடு கூடிய அரசாங்க வேலையை உதறிவிட்டு ஸ்டோக்கர் கிளம்பினார். அதே 1878 டிசம்பர் 4ஆம் நாள் புளோரன்ஸ் பால்கம் என்ற அழகியைக் கைப்பிடித்தார். அந்தப் பெண்ணை முன்பு விரும்பியவர் பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஆஸ்கார் வைல்ட். கல்யாணமான ஐந்தாம் நாள் புதுமாப்பிள்ளை இர்விங்கிடம் வேலைக்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டின் கடைசியில் பிறந்த ஒரே மகனுக்கும் இர்விங் என்றே பெயர் வைத்தார். பிள்ளை வளர்ந்த பிறகு அந்தப் பெயரை ஒதுக்கிவிட்டு நோயல் என்ற தன் இன்னொரு பெயரையே வைத்துக்கொண்டது. அப்பாவைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட பெயர் அது என்று மகன் நினைத்திருக்க வேண்டும்.

லைசியத்தில் ஸ்டோக்கர் பார்க்காத வேலை இல்லை. கணக்கு, டிக்கெட், ரயில் வண்டி, கப்பல், தங்குமிடம், விருந்து எல்லாம் அவர் தலையில். இர்விங்கின் பெயரில் ஒரு நாளைக்கு ஐம்பது கடிதங்கள் வரை எழுதுவார். இரவு நாடகம் முடிந்து, விருந்து முடிந்து, விடியும் நேரத்தில் வீட்டுக்குப் போவார். அமெரிக்காவுக்கு மட்டும் எட்டுப் பயணங்கள். வாசலில் நின்று பிரமுகர்களை வரவேற்பதும் அவர்தான். பிரமுகர்கள் அவருடைய கையைக் குலுக்கிவிட்டு இர்விங்கைத் தேடிப் போவார்கள்.

1882 செப்டம்பரில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் மனிதர் எப்படிப்பட்டவர் என்பது புரியும். தேம்ஸ் நதியில் படகில் போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் தண்ணீரில் குதித்துவிட்டார். ஸ்டோக்கர் கோட்டைக் கழற்றி வீசிவிட்டுப் பாய்ந்து அவரை வெளியே இழுத்தார். பக்கத்தில்தான் வீடு. தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசை மேல் கிடத்தி உயிர் கொடுக்கப் பார்த்தார்கள். உயிர் போய்விட்டது. துணிச்சலுக்காக ஸ்டோக்கருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. புளோரன்சுக்கோ அந்த வீடே பிடிக்காமல் போய்விட்டது.

ஒரு கனவும் ஒரு கடற்கரை ஊரும்

ஆங்கிலத்தில் கோத்திக் என்று ஒரு கதை வகை உண்டு. 1764ல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' என்ற நாவலில் தொடங்கியது. அதுவும் ஒரு கனவில் பிறந்த கதைதான். இந்தக் கதைகளுக்கென்று சில சாமான்கள் உண்டு. இடிந்த கோட்டை, பூட்டிக் கிடக்கும் அறை, சுரங்கப் பாதை, நிலா வெளிச்சம், தனியாக மாட்டிக்கொண்ட இளம்பெண், பழைய பரம்பரையின் பாவம், அடங்காமல் திரும்பி வரும் இறந்தவர். விட்டலாச்சார்யா படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. இந்தக் கதைகள் பெரும்பாலும் இத்தாலி போன்ற தூர தேசத்தில், எப்போதோ ஒரு காலத்தில் நடப்பதாக இருக்கும். படித்துப் பயந்துவிட்டுப் புத்தகத்தை மூடினால் பயமும் போய்விடும்.

1890 மார்ச் 8ஆம் நாள் ஸ்டோக்கர் ஒரு தாளில் குறிப்பு எழுதினார். ஓர் இளைஞன் தனியாக இருக்கிறான். பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி முத்தமிடக் குனிகிறாள், உதட்டில் அல்ல, கழுத்தில். வயதான ஒரு பிரபு கோபத்தோடு குறுக்கே வந்து, இவன் எனக்குச் சொந்தம் என்று தடுக்கிறான். இரவு நண்டு சாப்பிட்டதால் அப்பாவுக்கு வந்த கெட்ட கனவு அது என்று மகன் பிறகு சொன்னதாக ஒரு கதை உண்டு. நண்டோ வேறு எதுவோ, அந்தக் கடைசி வரி சாதாரணமானதல்ல. தன்னை ஒருவருக்குச் சொந்தமாக்கிக்கொண்டு 12 ஆண்டுகள் உழைத்த மனிதர் எழுதிய வரி அது. இர்விங்தான் டிராகுலா என்று ஆராய்ச்சியாளர்கள் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஸ்டோக்கர் இர்விங்கைக் கடைசி வரை நேசித்தார். ஆனால், ஒருவர் இன்னொருவரின் உயிரை உறிஞ்சுவது எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஆண்டு கோடையில் குடும்பத்தோடு விட்பி என்ற கடற்கரை ஊருக்கு விடுமுறைக்குப் போனார். இங்கிலாந்தின் வடகிழக்குக் கரை. குன்றின் மேல் இடிந்து நிற்கும் பழைய மடாலயம், பக்கத்தில் தேவாலயம், கல்லறைத் தோட்டம், கீழே துறைமுகத்திலிருந்து ஏறிப்போக 199 படிகள். ஊர் முழுவதும் அவருக்காகவே கட்டி வைத்தது போல் இருந்தது.

அவர் அங்கேயும் கிராணி வேலைதான் பார்த்தார். கடற்கரைக் காவலரிடம் பேசிக் குறிப்பெடுத்தார். 1885 அக்டோபர் மாதப் புயலில் திமித்ரி என்ற ரஷ்யப் பாய்மரக் கப்பல் அங்கே தரை தட்டிய விவரம் கிடைத்தது. நார்வா துறைமுகத்திலிருந்து வந்த கப்பல். நாவலில் அது வார்னாவிலிருந்து வரும் டிமீட்டர் ஆனது. கப்பலில் மாலுமி ஒருவரும் உயிரோடு இல்லை. சுக்கானில் தன்னைக் கட்டிக்கொண்டு செத்துக் கிடக்கிறார் தலைவர். பெரிய நாய் ஒன்று மட்டும் கரைக்குத் தாவி இருட்டில் ஓடுகிறது. கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களையும் எழுதிக்கொண்டார். ஸ்வேல்ஸ் என்ற பெயர் நாவலில் ஒரு கிழவருக்குப் போனது.

ஊர் நூலகத்தில் வில்லியம் வில்கின்சன் என்ற பழைய பிரிட்டிஷ் தூதர் 1820ல் எழுதிய புத்தகம் ஒன்று இருந்தது. இன்றைய ருமேனியா பகுதியைப் பற்றியது. அதில் டிராகுலா என்ற பெயரும், அந்த நாட்டு மொழியில் அதற்குச் சாத்தான் என்று பொருள் என்ற அடிக்குறிப்பும் இருந்தன. அதுவரை தம் வில்லனுக்கு வாம்பயர் பிரபு என்று வெறுமனே பெயர் வைத்திருந்தவர், அதை அடித்துவிட்டு டிராகுலா என்று எழுதினார். ருமேனியாவுக்கு அவர் ஒரு நாளும் போனதில்லை. டிராகுலா கோட்டை என்று சொல்லி இன்று அங்கே சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகிறார்களே, அந்தக் கோட்டையும் ஸ்டோக்கர் பார்த்ததல்ல.

ஏழு ஆண்டு வேலை

நாடக வேலைக்கு நடுவே, விடுமுறை நாட்களில், ரயிலில், கப்பலில் என்று ஏழு ஆண்டுகள் எழுதினார். அறுவை மருத்துவரான அண்ணனிடம் தலைக்காயம் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டார். ரயில் நேர அட்டவணையைப் பார்த்துக் கதையை ஓட்டினார்.

அவர் செய்த புதுமை இங்கேதான் இருக்கிறது. பழைய கோத்திக் கதையில் ஆள்தான் பேயைத் தேடிக் கோட்டைக்குப் போவான். ஸ்டோக்கர் கதையிலும் முதலில் அப்படித்தான். ஜொனாதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர் நிலப் பத்திரம் முடிக்க டிரான்சில்வேனியாவுக்குப் போகிறார். கோட்டையில் வேலைக்காரர் ஒருவருமில்லை. மேசை வைப்பதும் படுக்கை விரிப்பதும் பிரபுவேதான் என்பதைக் கதவிடுக்கில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம், ரத்தம் சிந்தும் இடங்களைவிடப் பயங்கரமானது. விருந்தாளி கைதியாகிறார். பிறகுதான் திருப்பம். பேய் மண் நிரப்பிய பெட்டிகளோடு கப்பலேறி லண்டனுக்கே வந்துவிடுகிறது. வீடு வாங்குகிறது. சட்டப்படி பத்திரம் பதிகிறது. தந்தியும் தட்டச்சும் ரத்தம் ஏற்றும் மருத்துவமும் உள்ள நகரத்தில் நடமாடுகிறது. தூர தேசத்துப் பயத்தைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுவந்தது அதுதான்.

கதை முழுவதும் நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைச் செய்தி, கப்பல் பதிவேடு என்றே போகிறது. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குபவள் மீனா என்ற பெண். டிராகுலாவைப் பிடித்ததில் சிலுவைக்கும் பூண்டுக்கும் இருக்கும் பங்கைவிட மீனாவின் கோப்புக்குப் பங்கு அதிகம். ஒரு கிராணியின் கதை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கடைசியில் டிராகுலா சாவதும் படங்களில் வருவதுபோல் நெஞ்சில் அறைந்த கட்டையால் அல்ல. கழுத்தை அறுப்பது கூர்க்கா வீரர்கள் வைத்திருக்கும் குக்ரி கத்தி. நெஞ்சில் இறங்குவது அமெரிக்க வேட்டைக் கத்தி.

1897 மே 18ஆம் நாள், நாடக உரிமையைப் பாதுகாப்பதற்காக லைசியத்தில் முழுக் கதையையும் நடிகர்களை வைத்து வாசித்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பார்க்க வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இர்விங் அந்தப் பாத்திரத்தில் நடிக்க வேண்டும் என்று ஸ்டோக்கருக்கு ஆசை இருந்ததாகச் சொல்வார்கள். இர்விங் நடிக்கவே இல்லை.

சில நாளில் மஞ்சள் அட்டையில் சிவப்பு எழுத்தோடு புத்தகம் வெளிவந்தது. விலை 6 ஷில்லிங். கைப்பிரதியில் வேறு தலைப்பு இருந்தது. சாகாத பிணம் என்று பொருள்படும் அந்தத் தலைப்பு கடைசி நேரத்தில் மாறியது. பத்திரிகைகள் சில பாராட்டின, சில முகம் சுளித்தன. விற்பனை சுமார். அயர்லாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மா எழுதியது. 'பிராங்கன்ஸ்டைன்' நாவலுக்குப் பிறகு இப்படி ஒரு பயங்கரத்தை யாரும் எழுதவில்லை என்றும், இதனால் மகனுக்குப் பெரும்புகழும் பணமும் வரும் என்றும் சார்லட் எழுதியிருந்தார். புகழைப் பற்றி அவர் சொன்னது பலித்தது. பலித்தபோது மகன் இல்லை.

கடைசிக் காலம்

அடுத்த ஆண்டே கெட்ட நேரம் தொடங்கியது. 1898ல் லைசியத்தின் கிடங்கில் தீப்பிடித்து, இருபது ஆண்டுகளாகச் சேர்த்த மேடைத் திரைகளும் காட்சிப் பொருட்களும் சாம்பலாயின. இர்விங்கின் உடல்நிலையும் பணநிலையும் சரிந்தன. அரங்கம் கைமாறி, 1902ல் மூடப்பட்டது. ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டிருந்த இர்விங் 1905 அக்டோபர் 13ஆம் நாள் பிராட்போர்ட் நகரில், மேடையை விட்டு வந்த சிறிது நேரத்தில், ஓட்டல் வாசற்கூடத்தில் உயிரை விட்டார். அவருடைய சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அரச மரியாதைக்குரியவர்கள் நடுவே வைக்கப்பட்டது. அவருடைய உயிலில் ஸ்டோக்கரின் பெயர் இல்லை.

27 ஆண்டுக் கடிதங்கள், கணக்குகள், கப்பல் பயணங்கள். எழுதி வைக்க ஒரு வரி இல்லை.

1906ல் ஸ்டோக்கரைப் பக்கவாதம் தாக்கியது. நடையும் பார்வையும் கெட்டன. அந்த நிலையிலும் இர்விங்கைப் பற்றி இரண்டு பாகத்தில் ஒரு நினைவுநூல் எழுதி வெளியிட்டார். அதில் முதலாளியைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. பிழைப்புக்காக மேலும் சில நாவல்கள் எழுதினார். அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1911ல் வறுமையில் வாடும் எழுத்தாளர்களுக்கு உதவும் நிதியம் ஒன்றுக்கு மனுப் போட்டு 100 பவுன் பெற்றார். 1912 ஏப்ரல் 20ஆம் நாள் லண்டனில் காலமானார். வயது 64. டைட்டானிக் மூழ்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பத்திரிகைகள் கப்பலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தன. இரங்கல் எழுதியவர்களும் இர்விங்கின் நிர்வாகி என்றுதான் எழுதினார்கள்.

மறு ஆண்டு அவருடைய புத்தகங்களும் தாள்களும் ஏலத்துக்கு வந்தன. ஏழு ஆண்டுகள் எடுத்த டிராகுலா குறிப்புகள் அத்தனையும் இரண்டு பவுனுக்குச் சற்று மேலே போயின. இன்று அவை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அரும்பொருளகம் ஒன்றில் இருக்கின்றன.

விதவை நடத்திய போராட்டம்

கணவர் விட்டுப்போன சொத்து என்று புளோரன்சுக்கு இருந்தது டிராகுலா ஒன்றுதான். 1922ல் ஜெர்மனியில் 'நோஸ்பெராட்டு' என்று ஒரு மௌனப் படம் வந்தது. ஆள் பெயர்களை மாற்றிவிட்டு அதே கதையைக் கேட்காமல் எடுத்திருந்தார்கள். அறுபதைக் கடந்த அந்த அம்மாள் எழுத்தாளர் சங்கத்தைத் துணைக்கு அழைத்து வழக்குப் போட்டார். படக் கம்பெனி திவாலாகிவிட்டது. காசு பெயரவில்லை. அப்படியானால் படத்தையே அழித்துவிடுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். 1925ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. சில பிரதிகள் எப்படியோ தப்பிவிட்டன. புதைத்தாலும் எழுந்து வரும் கதைக்கு வேறு எப்படி நடக்கும்! சூரிய ஒளி பட்டால் ரத்தக் காட்டேரி அழிந்துவிடும் என்று நாம் நம்புவது அந்தப் படத்திலிருந்து வந்தது. ஸ்டோக்கரின் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடந்து போவான்.

கழுத்தை மறைக்கும் உயர்ந்த காலர் வைத்த அந்தக் கறுப்பு அங்கியும் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 1924ல் புளோரன்சின் அனுமதியோடு ஹாமில்டன் டீன் மேடையேற்றிய நாடகத்தில் வந்தது. நடிகர் முதுகைக் காட்டி நின்று, அங்கியை மட்டும் மற்றவர் கையில் விட்டுவிட்டு, மேடைக் கதவு வழியாகக் கீழே நழுவி மறைவதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த நாடகம் அமெரிக்கா போனது. அங்கே பெலா லுகோசி நடித்தார். 1931ல் யுனிவர்சல் நிறுவனம் படமாக எடுத்தபோதும் அவரே நடித்தார். உரிமைக்கு நிறுவனம் கொடுத்தது 40,000 டாலர். அதிலும் பல பேருக்குப் பங்கு. பிறகுதான் ஒன்று தெரியவந்தது. அமெரிக்காவில் புத்தக உரிமைக்காகச் செய்ய வேண்டிய பிரதி ஒப்படைப்பு முறையாக நடக்கவே இல்லை. கிராணிகளுக்கு விதிப் புத்தகம் எழுதியவர் தம் சொந்தப் புத்தகத்துக்கு ஒரு விதியைத் தவறவிட்டிருந்தார்.

புளோரன்ஸ் 1937ல் காலமானார். 1980களில் பென்சில்வேனியாவில் ஒரு பழைய களஞ்சியத்தில் நாவலின் தட்டச்சுப் பிரதி கிடைத்தது. முதல் தாளில் ஸ்டோக்கரின் கையெழுத்தில் அந்தப் பழைய தலைப்பு இருந்தது.

விட்பி தேவாலயத்துக்கு இன்றும் வெளியூர்க்காரர்கள் வந்து, டிராகுலாவின் கல்லறை எங்கே என்று கேட்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அப்படி ஒரு கல்லறை இங்கே இல்லை என்று எழுதியே வைத்துவிட்டார்கள். ஸ்டோக்கருக்கும் எங்கேயும் கல்லறை கிடையாது. லண்டன் கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் ஒரு கலயத்தில் அவருடைய சாம்பல் இருக்கிறது. 1961ல் மகன் நோயல் இறந்தபோது அவருடைய சாம்பலையும் அதே கலயத்தில் சேர்த்தார்கள்.